வயரைப் பிடுங்கிவிட்டால் ஓடாது

போன மாதம் ரேவதி போன் செய்தாள். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், காது சோதனைப் பிரிவில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். கெட்டிக்காரி. கோபம் மட்டும் மூக்கு நுனியில் இருக்கும்.

"மேடம், உங்க பழைய பேஷண்ட் சவரி முசே நேத்து வந்தாரு. ஒக்காருங்கய்யான்னு மரியாதையாத்தான் சொன்னேன். என் கொரலு காக்கா மாதிரி இருக்குதாம்! காது மெஷினு அப்பிடி வெச்சிருக்கு, குடுங்க சரிபண்ணித் தரேன்னா, தொட வுட மாட்டேங்கறாரு. இன்னா மேடம் அவருக்கு?"

"என் கொரலும் அவருக்குக் காக்காதான்டி. நீ பொறந்தது நேத்து, நான் ஆறேழு வருஷமா காக்கா," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அடுத்த விஷயத்துக்குப் போனாள். மறுபடியும் சுற்றறிக்கை வந்திருக்கிறதாம். கம்ப்யூட்டரை நடத்துகிற மென்பொருளுக்கு அதைச் செய்த கம்பெனி ஆதரவை நிறுத்திவிட்டதாம். ஆகவே பழைய பெட்டிகளை எல்லாம் கழித்துவிட வேண்டுமாம். பட்டியலில் முதல் பெயர், மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கும் என்னுடைய பழைய பெட்டி. "அத ஏன் மேடம் இன்னும் வெச்சிருக்கோம்?" என்று கேட்டாள்.

அவள் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். போனில் சொன்னால் குக்கர் ஆறு விசில் அடித்துவிடும் என்பதால் எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, இதில் என் குற்றமும் ஒன்று இருக்கிறது. அதையும் மறைக்கப் போவதில்லை.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். வில்லியனூர்ப் பக்கம் கரும்பு போட்ட குடும்பம் எங்களுடையது. படிப்பு, பயிற்சி, தற்காலிக வேலை, நிரந்தரம் எல்லாம் வழக்கமான பாதைதான், அதில் சுவாரசியம் ஒன்றும் இல்லை. சத்தம் புகாத சின்ன அறையில் ஆளை உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்று சொல்வதுதான் முப்பது வருடம் நான் செய்த வேலை. கேட்காதவர்களுக்குக் கருவி பொருத்துவேன். கேட்டும் கேட்காத மாதிரி நடிப்பவர்களும் வருவார்கள், சான்றிதழுக்காக. அவர்களுக்கு என்னிடம் தனி சோதனை உண்டு. எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், மெல்லிய குரலில், "ஐயோ, வாசல்ல இருந்த புதுச் செருப்ப எவனோ மாட்டிக்கினு போறானே" என்பேன். பாதிப் பேர் எழுந்து ஓடிவிடுவார்கள். என் நாக்கு அப்படி. அது எனக்குச் சோறும் போட்டது, கெட்ட பெயரும் வாங்கித் தந்தது.

இப்போது அந்துவான் சார். ஆஸ்பத்திரிப் பொருட்களுக்கெல்லாம் பொறுப்பான அதிகாரி. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். ஒல்லியான மனிதர், அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. ஒரு பேனா எழுதுவதற்கு, இன்னொன்று கையெழுத்துக்கு மட்டும். இரண்டையும் மாற்றிப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை.

அரசாங்கப் பொருள் எதையும் சும்மா தூக்கிப் போட முடியாது. அதைக் கண்டம் பண்ண வேண்டும், அதாவது உதவாது என்று எழுதிக் கழிக்க வேண்டும். அதற்கு மூன்று பேர் கமிட்டி, அச்சிட்ட ஒரு படிவம். "இப்பொருள் இயங்கும் நிலையில் இல்லை என நேரில் சோதித்து அறிந்தேன்" என்று அதில் ஒரு வரி. மற்ற இடங்களில் அந்த வரியை யாரும் படிப்பதில்லை, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அந்துவான் சார் அதை உரக்கப் படிப்பார். படித்துவிட்டு நேரில் சோதிப்பார். உடைந்த நாற்காலி என்று எழுதியிருந்தால் அதில் உட்காருவார். கிழிந்த ஸ்ட்ரெச்சர் என்றால் அதில் ஏறிப் படுத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் தூக்குங்க" என்பார். தாங்கினால் பொருள் வார்டுக்குத் திரும்பும். தாங்காவிட்டால் தரையில் இருந்தபடியே, முகத்தில் வலியே இல்லாமல், "வுவாலா! கண்டம்" என்பார். இதோ பார், அவ்வளவுதான் என்கிற அந்த ஒரு பிரெஞ்சு வார்த்தைக்கு ஆஸ்பத்திரியே பழகிவிட்டது. கமிட்டி நாளன்று அவரைத் தூக்கி நிறுத்தவென்றே ஒரு வார்டுபாய் கூடவே போவான்.

நான் ஓய்வு பெற நாலு வருடம் இருந்தபோதுதான் முதல் சுற்றறிக்கை வந்தது. மென்பொருளுக்கு ஆதரவு முடிந்துவிட்டது, பன்னிரண்டு கம்ப்யூட்டரையும் கழிக்க வேண்டும் என்று. மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பன்னிரண்டும் ஹாலில் வரிசையாக நின்றன, ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமத்தோடு. என்னுடையதில் மட்டும் பக்கவாட்டில் ஒரு மாதா படமும் இருந்தது, என்னோடு அங்கே வேலை பார்த்த செல்வமேரி அக்கா ஒட்டியது.

அந்துவான் சார் முதல் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். வரியைப் படித்தார். சுவிட்சைத் தட்டினார். பெட்டி விளக்கெரிந்து, டிங்கென்று ஒரு மணி அடித்து, வணக்கம் சொன்னது.

"இயங்குதே," என்றார்.

"சார், அது இயங்கும். சப்போர்ட்தான் இல்ல," என்றார் மேலிடத்துக்காரர்.

"படிவத்துல சப்போர்ட்டுன்னு எங்க இருக்குது? காட்டுங்க."

இரண்டாவது பெட்டிக்கும் டிங். மூன்றாவதுக்கும் டிங். பன்னிரண்டும் ஒன்றுவிடாமல் ஓடின. அந்துவான் சார் பேனாவைப் பைக்குள் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு மூன்று வாரம் கடிதப் போக்குவரத்து. இவர் பொய் எழுத மாட்டார், அவர்கள் படிவத்தை மாற்ற மாட்டார்கள். புதுப் பெட்டிகள் இதற்குள் வந்து இறங்கி, வராந்தாவில் தெர்மாக்கோலோடு நின்றன. அவற்றைத் தாண்டித்தான் நோயாளிகள் என்னிடம் வர வேண்டியிருந்தது.

மூன்றாவது வாரம் மேலிடத்துக்காரர் மறுபடி வந்தார். வியர்த்துப் போய், "இத எப்பிடித்தான் முடிக்கிறது?" என்று பொதுவாகக் கேட்டார். யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் ஏதோ ஒரு சீட்டை எடுக்க வந்தவள். என் நாக்கு சும்மா இருக்குமா?

"வயரப் புடுங்கிட்டா ஓடாது சார்," என்றேன்.

நான் சொன்னது கிண்டல். எல்லோரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். மேலிடத்துக்காரர் சிரிக்கவில்லை. குனிந்து முதல் பெட்டியின் மின்சார வயரைப் பிடுங்கினார். "இப்ப சோதிங்க சார்," என்றார்.

அந்துவான் சார் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சுவிட்சைத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தரம் தட்டினார். படிவத்தில் எழுதியிருந்தது உண்மையாகிவிட்டது. அவருக்கு வேறு வழி இல்லை. கையெழுத்துப் பேனாவை எடுத்தார். அன்றைக்கு அவர் வுவாலா சொல்லவில்லை.

பன்னிரண்டும் கண்டம். அதோடு ஜோடி என்று கீபோர்டும் மவுஸும், பளிச்சென்று இருந்த மானிட்டர்களும், போன வருடம்தான் வாங்கிய பிரிண்டர் இரண்டும் உடன்கட்டை ஏறின. ஆனால் வயர்கள்? அவை நல்ல நிலையில் உள்ள அரசாங்கப் பொருள் ஆயிற்றே. அவற்றைக் கண்டம் பண்ண முடியாது. "யோசனை குடுத்தவங்களே வெச்சுக்கட்டும்" என்று அந்துவான் சார் பன்னிரண்டு வயரையும் என் பொறுப்பில் எழுதிவிட்டார். அது தண்டனை என்று எனக்குப் புரிந்தது.

அடுத்த திங்கள்கிழமை சவரி முசே வந்தார். ரெட்டியார்பாளையத்தில் சொல்தா வீடு என்றால் யாரும் காட்டுவார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம், மரியாதைக்குப் பெயரோடு முசே சேர்ப்போம். பீரங்கிச் சத்தத்தில் காது போனவர். காதுக்குப் பின்னால் மாட்டுகிற கருவி ஒன்று பிரான்சிலிருந்து மகள் கொண்டுவந்தது, பத்து வருடமாக நான்தான் அதைப் பராமரித்துவந்தேன். எப்போதும் சட்டையில் மடிப்புக் கலையாமல் வருகிறவர், அன்றைக்குச் சவரம் கூடப் பண்ணாமல் வந்தார்.

"ஏம்மா கலா, இத ஏத்தி வெய்யி," என்று கருவியைக் கழற்றி நீட்டினார். "தெரேஸ் பேசறது கேக்கல."

தெரேஸ் அம்மா அவர் மனைவி. அவரை எனக்குத் தெரியும். அந்தம்மா பேசினால் தெருமுனைக் கடைக்காரருக்குக் கருவி இல்லாமலே கேட்கும். சவரி முசே என்னிடம் ரகசியமாகச் சொன்னதுண்டு: "அவ ஆரமிச்சா நான் சட்டுனு இத அணைச்சுருவேன். அதான் எங்க கல்யாணம் இத்தினி வருஷம் ஓடுது." இப்போது என்ன ஆயிற்று என்று பலகையில் எழுதிக் கேட்டேன்.

பக்கவாதம். ஒரு மாதமாகப் படுக்கை. புத்தி தெளிவாக இருக்கிறது, குரல்தான் காற்றாகிவிட்டது. பக்கத்தில் குனிந்தால் உதடு அசைவது தெரிகிறது, ஒன்றும் விழவில்லை. நாள் அதிகம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். "இன்னாவோ சொல்றா, கலா. தெனம் சொல்றா. என்னால முடியல," என்றார். அவர் அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்தக் கருவியில் திருகாணி கிடையாது. ஒரு சின்னப் பெட்டி வழியாகக் கம்ப்யூட்டரில் சேர்த்து, அதற்கான மென்பொருளில்தான் ஒலியை ஏற்றி இறக்க முடியும். சின்னப் பெட்டியின் வயரை எடுத்துக்கொண்டு புதுக் கம்ப்யூட்டரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அதைச் செருகும் ஓட்டையே அதில் இல்லை. கடைகடையாக அலைந்து இடையில் மாட்ட ஒரு துண்டு வயர் வாங்கினேன். இப்போது மென்பொருள் ஏற மறுத்தது, பழையதாம். கம்பெனியின் புது மென்பொருளை ஏற்றினேன். அது சவரி முசேயின் கருவியைத் தெரியவே தெரியாது என்றது. கம்பெனி ஆளுக்குப் போன் போட்டேன்.

"அந்த மாடலுக்கு ஆயுசு முடிஞ்சிருச்சு மேடம். பெரியவர புதுசு வாங்கிக்கச் சொல்லுங்க."

நல்லவேளை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு அது கேட்கவில்லை. கருவி கல்லு மாதிரி இருந்தது. அதோடு பேசத் தெரிந்த பெட்டியும் நன்றாக இருந்தது. இரண்டுக்கும் ஒரு குறையும் இல்லை. எங்கேயோ யாரோ போதும் என்று முடிவு செய்த பாவத்துக்கு, கடைசி நாட்களில் ஒரு பெண் என்ன சொல்கிறாள் என்று அவள் புருஷனுக்குத் தெரியாமல் போகப் போகிறது. அவர் காது இருக்கும் நிலைக்கு ஆஸ்பத்திரிக் கருவி போதாது, பிரான்சிலிருந்து புதுசு வர மாதக் கணக்காகும். அவ்வளவு நாள் தெரேஸ் அம்மாவுக்கு இல்லை. என் வாய்க் கொழுப்பு இல்லாவிட்டால் அந்தப் பெட்டி இன்னும் என் மேசையில் இருந்திருக்கும்.

அந்துவான் சாரிடம் ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதுகிற பேனாவை மூடி வைத்தார்.

"கண்டமான பொருள வெளிய எடுக்க முடியாது. நான் கையெழுத்துப் போட்டுட்டேன். வியாழக்கெழம காயலான் வண்டி வருது."

"சார், அரை மணி நேரம்தான்..."

"அந்தம்மா ஆஸ்பத்திரிக்கு வர முடியுமா?"

"முடியாது சார். அந்தக் கொரல வெச்சுத்தான் மெஷின ஏத்தணும். வீட்லதான் பண்ணணும்."

அவர் விதிப்புத்தகத்தை எடுத்தார். அவருக்கே உரிய குரலில் உரக்கப் படித்தார். நோயாளிகளின் விவரம் வெளியே போகாமல் இருக்க, கம்ப்யூட்டரின் உள்தட்டைக் காயலான் பட்டறையில், பொறுப்பு அதிகாரியின் முன்னிலையில் உடைக்க வேண்டும். உடைக்கும் முன்பு அதிகாரி கடைசியாக ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம். புத்தகத்தை மூடினார்.

"சோதன எங்க நடக்கணும்னு இதுல இல்ல," என்றார். "பட்டறை உழவர்கரையில. ரெட்டியார்பாளையம் பெருசா சுத்து இல்ல. நீ அன்னிக்கி லீவு போடு. வயரு உன் பொறுப்புலதான இருக்குது?"

பன்னிரண்டு இருக்கிறது என்றேன். ஒன்று போதும் என்றார்.

வியாழன் காலை பதினோரு மணிக்கு ஒரு குட்டி யானை வண்டி சொல்தா வீட்டு வாசலில் நின்றது. முன்னால் காயலான் கடை ஏகாம்பரமும் அந்துவான் சாரும். பின்னால் பன்னிரண்டு பெட்டி. எங்கள் அதிர்ஷ்டம், மாதா படம் ஒட்டிய பெட்டி அடியில் இருந்தது. பதினொன்றையும் தெருவில் இறக்கி வைத்துத்தான் அதை எடுத்தோம். தெருக்காரர்கள் சுற்றி நின்றார்கள். முசே கம்ப்யூட்டர் சென்டர் வைக்கப் போகிறாரா என்று ஒருவர் கேட்டார். "ஆமா, அட்மிஷன் நடக்குது" என்று ஏகாம்பரம் பதில் சொன்னார். அவரை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் பெட்டியையும் அதன் மானிட்டரையும் வைத்தோம். வயரைச் செருகினேன். அந்துவான் சார் படிவத்தோடு பிரம்பு நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். பழக்க தோஷம், அதையும் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். பிறகு எழுந்து வந்து அவரே சுவிட்சைத் தட்டினார்.

டிங்.

தெரேஸ் அம்மா கண்ணைத் திறந்து பார்த்தார். ஒரு காலத்தில் கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உருவம், இப்போது போர்வைக்குள் இருப்பதே தெரியவில்லை. கருவியை சவரி முசே காதில் மாட்டி, சின்னப் பெட்டியோடு சேர்த்தேன். அந்தம்மாவைப் பேசச் சொன்னேன். உதடு அசைந்தது. முசே தலையை ஆட்டினார், இல்லை என்று.

காற்றுக் குரலுக்கு ஒரு குணம் உண்டு. அதில் அடி ஒலியே இருக்காது, மேலே மட்டும் கொஞ்சம் சீறும். அதைப் பிடிக்க மேல் ஒலியை ஏற்ற வேண்டும், ரொம்ப ஏற்றினால் கருவி கீச்சென்று கத்தும். ஒரு படி ஏற்றினேன். இல்லை. இன்னொரு படி. இல்லை. அடி ஒலியை அடியோடு இறக்கிவிட்டு, மேலே இன்னும் இரண்டு படி போனேன். கருவி கீச்சிட்டது. காதுக்குள் செருகியிருந்த அச்சை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அரைப் படி இறக்கினேன்.

சவரி முசே சட்டென்று நிமிர்ந்தார்.

"கேக்குதா?" என்று அந்தம்மா கேட்டிருக்க வேண்டும். எனக்குக் கூட அரைகுறையாகத்தான் விழுந்தது.

"கேக்குது, தெரேஸ். கேக்குது."

அந்தம்மா அவர் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு மூச்சைச் சேர்த்துச் சேர்த்துச் சொன்னார். நாங்கள் மூன்று பேரும் குனிந்து கேட்டோம்.

"நான் பேச ஆரமிச்சா... அந்த மெஷின அணைப்பீங்களே... எனக்கு மொதல்லேந்தே தெரியும்."

முசேயின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. ஏகாம்பரம் வாசலுக்குப் போய்விட்டார்.

"இனிமே அணைக்காதீங்க," என்றார் அந்தம்மா.

அந்துவான் சார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு படிவத்தை எடுத்தார். வரியை வழக்கம்போல் உரக்கத்தான் படித்தார். "இயங்கும் நிலையில் இல்லை" என்பதில் 'இல்லை'யை அடித்துவிட்டு, 'உள்ளது' என்று எழுதினார். கையெழுத்துப் பேனாவை எடுத்தார். இயங்கும் பொருள் கண்டமாகாது, வார்டுக்குத் திரும்பும். நாற்காலிக்கும் ஸ்ட்ரெச்சருக்கும் உள்ள அதே விதி. "வலைத்தொடர்பில் இணைக்கக் கூடாது, காதுக் கருவிப் பெட்டியின் துணைப்பொருள்" என்று ஓரத்தில் குறித்தார். அப்படி எழுதினால் அது கம்ப்யூட்டர் பட்டியலிலேயே வராது என்பது அன்றைக்கு அவர் போட்ட கணக்கு. எழுதி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, மெதுவாக, "வுவாலா," என்றார்.

மற்ற பதினொன்று? அவற்றையும் சோதியுங்கள் என்று கேட்டேன். அவற்றுக்குத் தேவை இருக்கிறது என்று யார் எழுதித் தருவார் என்று கேட்டார். தெருவில் இருந்தவற்றை மறுபடி வண்டியில் ஏற்றினோம். அன்று மாலைக்குள் பதினொன்றும் சுத்தியலால் அடிபட்டன. எல்லாம் ஓடக்கூடிய பெட்டிகள். அவற்றில் எதற்குள் யாருடைய என்ன வேலை இருந்தது என்று எனக்குத் தெரியாது, கேட்க யாரும் வரவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. அந்தப் பதினொரு வயரும் இன்னும் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன, ரேவதி. எண்ணிப் பார்த்துக்கொள்.

தெரேஸ் அம்மா அதற்குப் பிறகு ஐந்து வாரம் இருந்தார். ஐந்து வாரமும் பேசினார் என்று முசே சொன்னார். பெரும்பாலும் திட்டுதானாம். காரியமெல்லாம் முடிந்து அவர் என்னிடம் வந்தபோது, கருவியைப் பழையபடி மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன். அந்தம்மாவின் குரலுக்கு ஏற்றி வைத்தது, மற்றவர்கள் பேசினால் தாறுமாறாகக் கேட்கும்.

"தொடாத," என்றார். "அணைக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. மாத்தறதும் அணைக்கிறதும் ஒண்ணுதான்."

"நான் பேசறது எப்பிடி முசே கேக்குது?"

"காக்கா மாதிரி. பரவால்ல, பேசு."

இதுதான் உன் முதல் கேள்விக்குப் பதில். இரண்டாவதுக்கும் இதுவேதான். அந்தக் கருவி ரிப்பேருக்குப் போய் வந்தால் வைத்த அளவெல்லாம் அழிந்துவிடும். மறுபடி ஏற்ற, அந்த அளவு இருப்பது மாதா படம் ஒட்டிய அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான். வேறு எங்கும் இல்லை.

அந்துவான் சார் இப்போது மகன் வீட்டோடு பாரிசில் இருக்கிறார். ஆகவே கமிட்டியை நீதான் சமாளிக்க வேண்டும். வயர் என்ற வார்த்தையை வாய்தவறிக்கூடச் சொல்லாதே. பெட்டியை ஓட்டிக் காட்டு, டிங்கென்று அடிக்கட்டும். கமிட்டி நாளன்று சவரி முசேயையும் வரச்சொல்லி முன் வரிசையில் உட்கார வை. அதிகாரிகள் ஒவ்வொருவராக எழுந்து, இந்தப் பெட்டியை ஏன் கழிக்க வேண்டும் என்று பேசட்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவர்கள் குரல் எப்படி இருக்கிறது என்று அவர் சொல்லுவார்.